பயம் தெளிந்த பிறகுதான் பாடம்: தத்துப் பிள்ளைகளையும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மகள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. விரிப்பை மாற்றலாம் என்று தலையணையைத் தூக்கினேன். அடியில் என் கைக்குட்டை முடிச்சுப் போட்டுக் கிடந்தது. அவிழ்த்தால் பதினோரு பிஸ்கட். பாதி நொறுங்கி, மீதி நமுத்துப்போயிருந்தது. கேட்டதெல்லாம் கொடுக்கிறோமே, எதற்குத் திருடுகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. திரும்பினால் கதவோரம் நிற்கிறாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, அடுத்து என்ன நடக்குமோ என்று காத்திருக்கிறாள்.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. முடிச்சைத் திரும்பப் போட்டு அதே இடத்தில் வைத்தேன். மறுநாள் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை நிரப்பி அவள் தலைமாட்டில் வைத்து, "இது உன்னோடது கண்ணு. யாரும் எடுக்கமாட்டாங்க. காலியானா அம்மா நிரப்பிடுவேன்" என்றேன். முதல் இரண்டு வாரம் தினமும் காலியானது. பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை. நாலாம் மாதம் திறந்து பார்த்தபோது எறும்பு மொய்த்திருந்தது. துடைத்துவிட்டு, எடுத்துவிடலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஐந்து வயதில் அவளுக்கு ஆட்டிசம், அதாவது மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு, என்று தெரியவந்தது. ஆக, தத்து, சிறப்புத் தேவை இரண்டும் எங்கள் வீட்டில் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தே வந்தன. இத்தனை வருடத்தில் நான் கற்றது ஒரு வரிசை. முதலில் பயம் தெளிய வேண்டும். அதன் பிறகு நம் மேல் நம்பிக்கை வரும். அதற்கும் பிறகுதான் பேச்சு, பழக்கம், படிப்பு. கைமாறி வந்த பிள்ளைக்கு நாளைக்கு எங்கே இருப்போம் என்ற பயம். புலன்கள் வேறு மாதிரி வேலை செய்கிற பிள்ளைக்குச் சத்தமும் வெளிச்சமும் ஆட்களும் பயம். எந்நேரமும் உஷாராக இருக்கும் உடம்புக்குள் எந்தப் பாடமும் இறங்காது. கீழே உள்ள படிகளை இந்த வரிசையை மனதில் வைத்துப் படியுங்கள்.

படி 1: பிள்ளை வருவதற்கு முன்பே விவரம் சேகரியுங்கள்

பொம்மை, கட்டில், சுவர்ச் சாயம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் வேலை கேள்வி கேட்பது. பிறந்தபோது எடை என்ன? குறைமாதமா? கர்ப்ப காலத்தில் தாய்க்கு மது, போதைப் பழக்கம் இருந்ததா? இதுவரை எத்தனை பேர் கையில் வளர்ந்தது? யார் தூங்க வைத்தார்கள், எப்படி, என்ன சொல்லி? எதைக் கண்டால் பயப்படும்? எந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு தூங்கும்?

அந்தத் துணியைக் கேட்டு வாங்குங்கள். துவைக்காமல் கொண்டுவாருங்கள். புது வீட்டில் பிள்ளைக்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான். பார்த்துக்கொண்ட அம்மாவோடு ஒரு படம், படுத்த அறையின் படம், வாசலின் படம் எடுத்துவையுங்கள். இன்று தேவையில்லாதது போலத் தோன்றும். பத்து வயதில் "நான் எங்கே இருந்தேன்?" என்று கேட்கும்போது அந்தப் படங்களுக்கு விலையே கிடையாது. தன் பெற்றோர் யார் என்று இயன்றவரை அறிந்துகொள்வது குழந்தையின் உரிமை என்று 1989-ல் நிறைவேறிய ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 7-ம் பிரிவு சொல்கிறது. ஆகவே காகிதம் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். துண்டுச் சீட்டானாலும் அது பிள்ளையின் சொத்து.

வந்ததும் முழு மருத்துவப் பரிசோதனை. உயரம், எடை, தலைச் சுற்றளவு, காது, கண், இரும்புச் சத்து, தைராய்டு, காசநோய், ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி., ரத்தத்தில் ஈயம், போட்ட தடுப்பூசிகளின் கணக்கு. காப்பகத்தில் கழிந்த ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஏறக்குறைய ஒரு மாத உயரம் குறையும் என்பது இத்துறை மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. வீட்டுக்கு வந்தபின் பெரும்பாலான பிள்ளைகள் விறுவிறுவென வளர்வார்கள். முதல் அளவை மட்டும் வைத்துக்கொண்டு கலங்க வேண்டாம்.

உங்களுக்குள்ளும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை இல்லாத துக்கம் ஆறிவிட்டதா? ஆறாவிட்டால், வருகிற பிள்ளை நீங்கள் கனவில் வளர்த்த பிள்ளைக்கு மாற்றாக நிற்க வேண்டியிருக்கும். எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சுமை வேண்டாம்.

படி 2: முதல் மூன்று மாதம் உலகத்தைச் சின்னதாக்குங்கள்

இதில்தான் வீட்டுப் பெரியவர்களோடு மனத்தாங்கல் வரும். வந்தாலும் பரவாயில்லை. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூக்குவது, தூங்க வைப்பது நான்கையும் பெற்றோர் இருவர் மட்டுமே செய்யுங்கள். பார்க்க வருகிறவர்களிடம், "கொஞ்ச நாள் போகட்டும், நாங்களே கூட்டிட்டு வர்றோம்" என்று சொல்லிவிடுங்கள். பல கைகளில் வளர்ந்த பிள்ளைக்கு, தத்தெடுத்த பெற்றோரும் ஊர்க்காரர்களும் ஒன்றுதான். இந்தப் பசிக்கு இந்த முகம், இந்த அழுகைக்கு இந்தக் கை என்று நூற்றுக்கணக்கான தடவை நடந்த பிறகுதான் 'இவர்கள் என்னுடையவர்கள்' என்பது உள்ளே பதியும்.

யார் மடியிலும் உடனே ஏறி உட்காரும் பிள்ளையைப் பார்த்து, "எவ்வளவு சமத்து, யார்கிட்டயும் ஒட்டிக்கிறா" என்று மெச்சுவார்கள். நான் அந்த மெச்சலைக் கேட்டுப் பெருமைப்பட்டவள். எல்லோரிடமும் ஒட்டுகிற பிள்ளை இன்னும் யாரிடமும் ஒட்டவில்லை என்று பிறகுதான் புரிந்தது. அப்படிப் போனால் கடிந்துகொள்ளாமல், "வா, அம்மாகிட்ட வந்து காட்டு" என்று திருப்பிக் கூட்டிவாருங்கள்.

பெயரை மாற்றாதீர்கள். அந்தப் பிள்ளை கூடவே கொண்டுவந்த உடைமை பெயர் ஒன்றுதான். ஆசையாக ஒரு பெயர் வைத்தே தீர வேண்டும் என்றால் பழைய பெயரோடு சேர்த்து வையுங்கள்.

நாளின் ஒழுங்கு மாறாமல் இருக்கட்டும். எழுவது, சாப்பிடுவது, குளிப்பது, விளையாடுவது, தூங்குவது எல்லாவற்றையும் படமாக வரைந்து பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். வெளியே போகும்போது, எவ்வளவு நேரமானாலும், "அம்மா போறேன், திரும்பி வருவேன்" என்று சொல்லிவிட்டே போங்கள். அழுமே என்று சொல்லாமல் நழுவினால் பழைய காயத்தை நீங்களே கீறுகிறீர்கள்.

முதல் சில வாரம் பிள்ளை தங்கமாக இருக்கும். பிறகு ஒருநாள் கடிக்கும், துப்பும், படுக்கையை நனைக்கும். ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். இந்த இடத்தில் கோபப்பட்டாலும் துரத்தமாட்டார்கள் என்ற தைரியம் கொஞ்சம் வந்திருக்கிறது.

வீட்டுக்கு வரும் வயது ஒரு பொருட்டுதான், மறைப்பதற்கில்லை. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரக் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து 2000 முதல் நடந்த ஆய்வில், ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும் ஒட்டுதலிலும் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னே இருந்தார்கள். குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் பிரிட்டனுக்குத் தத்து வந்த ருமேனியக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, ஆறு மாத வயதுக்கு முன்பே காப்பகத்தை விட்டு வந்தவர்கள் மற்றப் பிள்ளைகளைப் போலவே தேறினார்கள். அதே ஆய்வில், பல வருடம் பின்தங்கியிருந்தும் வளர்ந்துகொண்டே வந்த பிள்ளைகளும் உண்டு. மூன்றரை வயதில் வந்தவளின் அம்மாவாகச் சொல்கிறேன்: தாமதமாக வந்த பிள்ளைக்குக் கூடுதல் காலம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 3: அடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு நோட்டு போடுங்கள். பிள்ளை கத்தியதா? அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் என்ன நடந்தது, என்ன செய்தது, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மூன்றே வரி. மூன்று வாரம் எழுதினால் ஒரு கோலம் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது இது: மகளின் பெரிய கத்தல்கள் பெரும்பாலும் மாலையில், வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போதுதான் நடந்தன. பேச்சைக் குறைத்தோம். கத்தல் பாதியாயிற்று. எந்தப் பாடமும் நடத்தவில்லை.

வேண்டியது கிடைக்கப் பிடிக்கும் அடம் வேறு, தாங்க முடியாமல் உடைவது வேறு. அடம் பிடிக்கும் பிள்ளை நடுநடுவே நம் முகத்தைப் பார்க்கும். கேட்டது கிடைத்தால் நின்றுவிடும். உடைந்த பிள்ளைக்கு கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது. அதை அதட்டினால் தீயில் எண்ணெய்தான்.

உடையும் நேரத்தில் செய்ய வேண்டியது: விளக்கைக் குறையுங்கள். மற்றவர்களை வெளியே அனுப்புங்கள். பிள்ளையின் கண்மட்டத்துக்குக் கீழே உட்காருங்கள். ஒரே வாக்கியம், தாழ்ந்த குரலில்: "நான் இங்கதான் இருக்கேன்." விளக்கம், அறிவுரை, "ஏன் இப்படிப் பண்றே?" எல்லாவற்றையும் அரைமணி நேரம் ஒத்திவையுங்கள். தொட்டால் பிடிக்குமா என்று முன்பே தெரிந்து வைத்திருங்கள். சில பிள்ளைகளுக்கு லேசான தடவல் எரிச்சல், அழுத்தமான அணைப்பு ஆறுதல்.

"உன் ரூமுக்குப் போ, சமாதானமானதும் வா" என்ற தண்டனை பல வீடுகளில் உண்டு. ஒருமுறை விடப்பட்ட பிள்ளைக்கு அதன் பொருள், தப்பு செய்தால் இங்கேயும் விட்டுவிடுவார்கள் என்பது. தனியே அனுப்பாமல் பக்கத்தில் உட்கார வையுங்கள். செய்த தவறைச் சரிசெய்ய வைப்பது நல்லது: கொட்டியதைச் சேர்ந்து துடைப்பது, உடைத்ததைச் சேர்ந்து ஒட்டுவது.

கருவில் மது பட்ட பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1973-ல்தான் மருத்துவ உலகம் இந்தப் பாதிப்புக்கு ஒரு பெயர் வைத்தது. இவர்களில் பலருக்கு இன்று சொன்ன விதி நாளை நினைவில் இருக்காது. காரணத்தையும் விளைவையும் கோர்த்துப் பார்ப்பது கடினம். ஆகவே தண்டனையைக் கூட்டிக்கொண்டே போவதால் பயனில்லை. ஒவ்வொரு நாளும் அதே விதியை அதே சொற்களில், படத்தோடு சொல்லுங்கள்.

நீங்களும் ஒருநாள் கத்துவீர்கள். நான் கத்தியிருக்கிறேன். தாய்க்கும் சேய்க்குமான சின்னச் சின்ன ஊடாட்டங்களை உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1970-களிலிருந்து உன்னிப்பாகக் கவனித்தார். நன்றாக ஒட்டிய ஜோடிகள்கூடப் பாதிக்கும் மேற்பட்ட நேரம் இசைவில்லாமல்தான் இருந்தார்கள். அறுந்த இழையைத் திரும்ப முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். போய் மண்டியிட்டு, "அம்மா கத்தினது தப்பு. உனக்குப் பயமா இருந்திருக்கும்" என்று சொல்லுங்கள். வாழ்நாளில் பெரியவர் ஒருவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதை அந்தப் பிள்ளை அன்றுதான் முதலில் பார்க்கலாம்.

படி 4: சந்தேகம் வந்தால் காத்திருக்காதீர்கள்

பன்னிரண்டு மாதத்தில் மழலை இல்லை, பதினாறு மாதத்தில் ஒற்றைச் சொல் இல்லை, இரண்டு வயதில் சொந்தமாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, எந்த வயதிலானாலும் வந்த பேச்சு போய்விட்டது. இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை வளர்ச்சி மருத்துவரைப் பாருங்கள். "எங்க வீட்ல எல்லாருமே லேட்டாத்தான் பேசினாங்க" என்ற ஆறுதலை நம்பி வருடத்தைத் தொலைத்தவர்கள் அதிகம். முதலில் காது பரிசோதனை. பேசாத பிள்ளைக்கு வேறு எந்தக் குறையின் பெயரைச் சொல்வதற்கு முன்னும் கேட்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும்.

தத்து வந்த பிள்ளையிடம் கூடுதல் சிக்கல் உண்டு. கவனிப்பின்றிக் கிடந்ததால் வந்த பின்தங்கல் சில நேரம் ஆட்டிசம் போலவே தோன்றும். ரட்டரின் ஆய்வில் அப்படிப்பட்ட பிள்ளைகள் சிலருக்கு அந்த அறிகுறிகள் வீட்டுக்கு வந்த பின் மெல்ல மங்கின. வேறு மொழி பேசிய இடத்திலிருந்து வந்த பிள்ளையிடம் பழைய மொழி போய்ப் புது மொழி வருவதற்குள் ஒரு வெற்றிடம் இருக்கும். இதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லுங்கள். குறையின் பெயர் உறுதியாக நாளாகலாம். அதுவரை பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள், பயிற்சிக்குப் பெயர் தேவையில்லை. மகள் காதைப் பொத்தியது அடிக்குப் பயந்து மட்டும் இல்லை, சாதாரணச் சத்தமே அவளுக்கு வலிக்கிறது என்று எங்களுக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் பிறவி நிலை) என்றால் இதயம், தைராய்டு, காது, கண் நான்கையும் தவறாமல் பார்க்க வேண்டும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும். பெருமூளை வாதம் என்றால் விழுங்குவது, உட்காரும் விதம், இடுப்பு மூட்டு.

பெயர் தெரிந்த அன்று இரவு எல்லாத் தாய்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறோம்: நான் என்ன தப்பு செய்தேன்? குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-ல் ஆட்டிசத்தை விவரித்த பிறகு, தாயின் அன்பு போதாததால்தான் இது வருகிறது என்று பல வருடம் பேசினார்கள். எத்தனையோ பெண்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-ல் இது உடலோடு பிறந்த வேறுபாடு என்று எடுத்துக்காட்டி அந்தக் கருத்தை உடைத்தார். பழி உங்களுடையது இல்லை.

ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது. உடலிலிருந்து உலோகத்தை இறக்குகிறோம், ஸ்டெம் செல் செலுத்துகிறோம், ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். உலோகம் இறக்கும் சிகிச்சையில் பிள்ளை உயிரே போயிருக்கிறது.

படி 5: தெரபி வாரத்தில் ஒரு மணி நேரம், வீடு மீதி நேரம்

பயிற்சி தரும் தெரபிஸ்ட்டிடம் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த வாரம் வீட்டில் நான் செய்ய வேண்டிய ஒரே ஒரு விஷயம் என்ன?" பட்டியல் கொடுத்தால் வாங்காதீர்கள். பட்டியல் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிக்கொண்டு நம்மைக் குற்றவாளியாக்கும்.

எந்த வேலையையும் கடைசியிலிருந்து கற்றுக்கொடுங்கள். சட்டை போட வைக்க வேண்டுமா? எல்லாப் பித்தானையும் நீங்கள் போட்டுவிட்டு, கடைசிப் பித்தானைப் பாதித் துளைக்குள் நுழைத்து நிறுத்துங்கள். மீதியைப் பிள்ளை இழுக்கும். வேலையை முடித்தது பிள்ளைதான். அது கைவந்த பிறகு கடைசிப் பித்தான் முழுவதும், பிறகு கடைசி இரண்டு. எங்களுக்கு ஐந்து பித்தானுக்கு ஏழு மாதம் ஆயிற்று. ஏழு மாதமும் தினமும் காலையில் அவள் ஜெயித்தாள்.

இன்னொன்று, ஒன்றைக் கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கேட்டதைப் புரிந்துகொண்டு பதிலைக் கோர்க்கப் பல பிள்ளைகளுக்கு அவ்வளவு நேரம் வேண்டும். நாமோ மூன்றாவது நொடியில் திரும்பக் கேட்கிறோம். பிள்ளை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

பேச்சு வராத பிள்ளைக்குப் பட அட்டையோ, டேப்லெட்டில் பேசும் செயலியோ, சைகையோ கொடுங்கள். அப்புறம் வாய் திறந்து பேசாமலே போய்விடுமோ என்று நானும் பயந்தேன். பயப்பட ஒன்றுமில்லை, அவை பேச்சைத் தடுப்பதில்லை. பல பிள்ளைகளுக்குப் பேச்சு வரவே உதவுகின்றன.

படி 6: தத்து என்பதை முதல் நாளிலிருந்தே சொல்லுங்கள்

எப்போது சொல்வது என்ற கேள்விக்கு என் பதில்: பிள்ளைக்குப் புரியாத வயதில். ரகசியமாக ஒருநாள் உடைபடாமல், எப்போது தெரிந்தது என்றே நினைவில்லாத ஒன்றாக அது இருக்க வேண்டும். தூங்கும் நேரத்துக் கதையாகச் சொல்லுங்கள், முதல் நாள் உடுத்தியிருந்த சட்டையோடு, வழியில் அழுததோடு. படங்களை ஒட்டி ஒரு புத்தகம் செய்யுங்கள். அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ள பிள்ளைக்கும் இதே புத்தகம்தான், இன்னும் அதிகப் படங்களோடு.

சொற்களை எண்ணிப் பேசுங்கள். "உங்கம்மாவுக்கு உன் மேல ரொம்பப் பாசம், அதனாலதான் கொடுத்தாங்க" என்பது கேட்க இதமாக இருக்கும். பாசம் வைத்தவர்கள் விட்டுவிடுவார்கள் என்று பிள்ளை கணக்குப் போடும். நீங்களும் பாசம் வைத்திருக்கிறீர்களே. "எந்தக் குழந்தையையும் பார்த்துக்க முடியாத நிலைமையில அவங்க இருந்தாங்க. நீ எந்தத் தப்பும் பண்ணலை" என்பது உண்மை. "நீ அதிர்ஷ்டசாலி" என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். பெற்றவளை இழந்துவிட்டு வந்த பிள்ளை அது.

ஆறேழு வயதில் பிள்ளைக்குத் திடீரென்று துக்கம் வரும். இவர்கள் என்னை அழைத்துக்கொள்ள, அதற்கு முன் யாரோ என்னை விட்டுப் பிரிந்திருக்க வேண்டும் என்ற கணக்கு அப்போதுதான் புரியும். சமாதானம் சொல்லித் துக்கத்தைத் துரத்தாமல் கூட உட்காருங்கள். கடினமான உண்மைகளைப் பதின்பருவம் முற்றுவதற்குள் உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.

"சொந்தப் பிள்ளையா?" என்று பிள்ளையின் எதிரிலேயே கேட்பவர்கள் உண்டு. "ஆமா, சொந்தப் பிள்ளைதான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். பிறந்த கதை பிள்ளையுடையது. யாரிடம் சொல்வது என்று அதுவே முடிவு செய்யட்டும்.

படி 7: பள்ளி, கூடப்பிறந்தவர்கள், நீங்கள்

ஆசிரியருக்கு ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எது பிடிக்கும், எதற்குப் பயம், உடைந்தால் என்ன செய்ய வேண்டும். நோய்ப் பெயர் கடைசி வரியில் வரட்டும். குடும்ப மரம் வரையச் சொல்லும் பாடம் வரும்போது முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள், வேர் இரண்டு உள்ள மரமும் மரம்தான் என்று வீட்டில் வரைந்து பழகிப் போகலாம்.

என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. ஒருநாள், "அவ வந்ததுல இருந்து நீ என்கூட முழுசா ஒரு விளையாட்டுகூட விளையாடலைம்மா" என்றான். அன்றிலிருந்து தினமும் இருபது நிமிடம் அவனுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு. தங்கைமேல் கோபம் வருவது தப்பில்லை என்றும் அவனிடம் சொன்னேன்.

பெற்றெடுத்த தாய்க்கு வருவது போலவே தத்தெடுத்த தாய்க்கும் மனச்சோர்வு வரும். ஆசைப்பட்டுக் கூட்டிவந்துவிட்டு அழுகிறாயே என்று யாராவது கேட்பார்கள் என்ற பயத்தில் மறைக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள். பிள்ளையின் வழிமுறை தெரிந்த இன்னொருவரைப் பழக்கி, வாரத்தில் ஒரு மாலையை விட்டுக்கொடுங்கள்.

படி 8: பாதுகாப்பும், நாம் இல்லாத நாளும்

குறைபாடுள்ள குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.7 மடங்கு என்று 2012-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். ஆகவே உடல் உறுப்புகளின் சரியான பெயர்களைக் கற்றுக்கொடுங்கள். பேச்சு வராத பிள்ளையின் பட அட்டைகளில் அந்தப் படங்களும், 'வேண்டாம்' என்ற அட்டையும், 'வலிக்குது' என்ற அட்டையும் இருக்க வேண்டும். பெரியவர்கள் சொல்வதையெல்லாம் மறுக்காமல் செய்யும் பிள்ளையை உருவாக்காதீர்கள். வீட்டில் பிள்ளை சொல்லும் 'வேண்டாம்' செல்லுபடியானால்தான் வெளியிலும் அதைச் சொல்லும்.

உயில், பாதுகாவலர் நியமனம் இரண்டையும் சட்டம் தெரிந்தவரைக் கொண்டு முடித்துவிடுங்கள். அதோடு ஒரு கடிதமும் எழுதுங்கள். மருந்து, மருத்துவர், பழக்கங்கள், பயங்கள், சிரிக்க வைக்கும் விஷயங்கள். ஒவ்வொரு பிறந்தநாளிலும் திருத்துங்கள். எங்கள் கடிதம் இப்போது ஆறு பக்கம். முதல் பக்கத்தின் முதல் வரியை மட்டும் இத்தனை வருடமாக நான் மாற்றவில்லை: "இரவில் தலைமாட்டில் அவளுடைய டப்பா இருக்க வேண்டும். திறந்துகூடப் பார்க்கமாட்டாள். ஆனாலும் காலியாக வைக்காதீர்கள்."